புது மேனேஜர் வந்துவிட்டார் என்று பணம் கட்டுகிறவர்களுக்கு

"அக்கா, நான் சூதாடல. ஆட்டத்தைப் படிச்சு, கணக்குப் போட்டுத்தான் கட்டுறேன்."

போன வருஷம் என் எதிரே உட்கார்ந்து ஒருவர் சொன்னது இது. நாற்பது தாண்டியவர், இரண்டு பிள்ளைகள், சின்ன வயதிலிருந்தே மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். சூதாட்டத்தில் சிக்கியவர்களோடும் அவர்கள் குடும்பத்தோடும் பேசுவது என் வேலை. காற்பந்தில் பணத்தை இழந்து வருகிறவர்களில் பலர் விவரம் தெரிந்தவர்கள், அதனாலேயே தங்களுக்கு உதவி தேவை என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு ரொம்ப நாள் ஆகிறது. அவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு நம்பிக்கை உண்டு: புது மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், வந்தால் அணி எழுந்துவிடும், அந்த நேரத்தில் கட்டினால் தப்பாது.

2024-25ல் யுனைடெட்டுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். அக்டோபர் கடைசியில் எரிக் டென் ஹாக்கை நீக்கினார்கள், இடைக்காலமாக வந்த ரூட் வான் நிஸ்டல்ரூய் நான்கு ஆட்டங்களில் மூன்றை வென்று ஒன்றைச் சமன் செய்தார். அப்புறம் போர்ச்சுகலிலிருந்து ரூபன் அமோரிம் வந்தார். அங்கே ஸ்போர்ட்டிங் லிஸ்பன் அணியின் மேனேஜராக நவம்பர் தொடக்கத்தில்தான் மான்செஸ்டர் சிட்டியை 4-1 என்று வீழ்த்தியிருந்தவர். அவர் கீழ் யுனைடெட் டிசம்பர் 1ல் எவர்ட்டனை 4-0, இரண்டு வாரம் கழித்து சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 2-1 என்று வென்றது. என்னிடம் வந்தவர் தொகையை ஏற்றியது இந்த நாட்களில்தான். ஆனால் அந்தப் பருவத்தில் அமோரிமின் கீழ் ஆடிய 27 பிரீமியர் லீக் ஆட்டங்களில் யுனைடெட் வென்றது ஏழு, தோற்றது பதினான்கு. 42 புள்ளிகளோடு 15வது இடத்தில் முடித்தார்கள்.

மேனேஜரை எப்போது நீக்குவார்கள்? அணி தன் தரத்துக்கும் கீழே விழுந்து கிடக்கும்போதுதான். அங்கிருந்து கொஞ்சம் மேலே வருவது யார் வந்தாலும் நடக்கக்கூடியது, அதைப் புது மேனேஜரின் மாயம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சரி, உண்மையிலேயே அவர் கெட்டிக்காரராக இருந்தாலும், அந்தச் செய்தி நமக்குத் தெரிகிற அளவுக்கு ஆட்ஸ், அதாவது ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும் என்ற விகிதம், போடுகிறவர்களுக்கும் தெரியும், அது ஏற்கெனவே விலையில் ஏறியிருக்கும், அதற்கு மேல் அவர்கள் பங்கும் அதிலேயே இருக்கும்.

தோல்விகளைவிட என்னிடம் வந்தவருக்கு அதிகக் கெடுதல் செய்தது ஒரு வெற்றி. 2025 ஏப்ரல் 18, புனித வெள்ளி விடுமுறை, சிங்கப்பூரில் விடியற்காலை. ஐரோப்பிய அணிகள் மோதும் யூரோப்பா லீக்கில் பிரான்ஸின் லியோனோடு கூடுதல் நேரத்தில் 4-2 என்று பின்தங்கியிருந்த யுனைடெட், ஏழு நிமிடங்களில் மூன்று கோல் போட்டு 5-4 என்று வென்றது. வீட்டில் எல்லோரும் தூங்க, அவர் ஃபோனில் நேரலையாகக் கட்டிக்கொண்டிருந்தார், ஜெயித்தார். அன்று வந்த பணம் மூன்று வாரம்கூட நிற்கவில்லை, "கடைசி நிமிஷத்தில்கூட மாறும்" என்ற எண்ணம் மட்டும் நின்றுவிட்டது. தோற்றதைத் துரத்துகிறவருக்கு இதைவிட ஆபத்தான நினைவு கிடையாது.

மே 22 அதிகாலை மூன்று மணிக்கு யூரோப்பா லீக் இறுதி ஆட்டம், எதிரே டோட்டன்ஹாம். பிரீமியர் லீக்கில் அவர்கள் 17வது இடம், யுனைடெட் அந்தப் போட்டியில் அதுவரை தோற்கவே இல்லை என்பது அவர் கணக்கு. அதே பருவத்தில் டோட்டன்ஹாமிடம் யுனைடெட் ஏற்கெனவே மூன்று முறை ஆடி மூன்றிலும் தோற்றிருந்ததே என்று நான் கேட்டபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. தெரியாமல் இல்லை, கட்டவேண்டும் என்று முடிவுசெய்த மனம் அதை ஒதுக்கிவிட்டது. யுனைடெட் 0-1 என்று தோற்றது.

அதில் அவர் கட்டியது கையில் இருந்த பணம்கூட இல்லை. சட்டவிரோத புக்கி, அதாவது பந்தயம் வாங்குகிறவர், கடனுக்குக் கட்டவிடுவார், ஃபோனில் ஒரு செய்தி போதும், ஐம்பது வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) ஐயாயிரம் வெள்ளியும் விரலுக்கு ஒன்றுதான். சிங்கப்பூரில் அப்படிக் கட்டுகிறவருக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். பயத்தில் அதை யாரிடமும் சொல்லமாட்டார்கள், அங்கேதான் கடன் பெருகுகிறது. அனுமதி பெற்ற பந்தய நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸில் சட்டப்படி கட்டுகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள், அதனால் அனுமதி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: பெயரே கேள்விப்படாத அணிகளின் ஆட்டத்தை நடுராத்திரியில் பார்ப்பது, பணம் கட்டாத ஆட்டத்தில் உட்காரமுடியாமல் தவிப்பது, ஞாயிறு முடிவைப் பொறுத்துத் திங்கட்கிழமை முகம் மாறுவது, இதெல்லாம் நான் கவனிக்கச் சொல்கிறவை. கடனை உடனே மொத்தமாக அடைத்துவிடாதீர்கள். அம்மாக்கள் நகையைக் கழற்றிக் கொடுத்து, ஆறு மாதத்தில் அதே தொகைக்கு இன்னொரு கடன் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் பேசலாம். 1800-6668-668 என்ற சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய உதவி எண்ணுக்கு அழைக்கலாம். சிங்கப்பூர் பூல்ஸ் கணக்கிலிருந்து தன்னைத்தானே விலக்கிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது, முதல் சந்திப்பிலேயே இதைச் செய்துமுடிக்க நான் உட்கார்ந்து உதவுவேன்.

ஆகஸ்டில் புதுப் பருவம் தொடங்கியபோது, ஆட்டம் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். மகனோடு பாருங்கள், ஃபோன் மனைவியிடம் இருக்கட்டும் என்று பேசிவைத்தோம். முதல் ஆட்டத்தில் ஆர்சனலிடம் யுனைடெட் 0-1 என்று தோற்றது. அடுத்த சந்திப்பில் அவர் முதல் பத்து நிமிடம் பேசியது அந்த கார்னர் கோலைப் பற்றி, கோல்கீப்பர் எங்கே நின்றிருக்கவேண்டும் என்று மகன் சொன்னதைப் பற்றி.