கார்த்திகைப் பூக் கிழங்கு கலத்துக்குள் போய் என்ன செய்கிறது?

மாரி மழை விழுந்ததும் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் வேலி, பற்றை எல்லாம் கார்த்திகைப் பூ கொடியோடிச் சிவந்து கிடக்கும். இதன் கிழங்கை வற்றாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் இலங்கையில் உண்டு, அவித்தால் நஞ்சு போய்விடும் என்று தயவுசெய்து நம்பவேண்டாம். அந்த நஞ்சின் பெயர் கொல்ச்சிசின். அது உடம்புக்குள் எதைப் பிடிக்கிறது என்று தேடிப் போனவர்களுக்குத்தான் கலத்துக்குள் ஓடும் பாதைகள் எதனால் ஆனவை என்பதே பிடிபட்டது.

நமது கலங்களுக்குள் நுண்குழாய்கள் தண்டவாளம் போல ஓடுகின்றன, குறுக்களவு சுமார் 25 நனோமீற்றர். கைனசின், டைனீன் என்ற புரதங்கள் பொதிகளைச் சுமந்துகொண்டு அவற்றின் மேல் நடக்கும். கைனசினின் ஓர் அடி 8 நனோமீற்றர். ஆனால் இந்தப் பாதை நிலையானதல்ல. டியூபுலின் என்ற இரட்டைப் புரதம் நுனியில் ஒட்டுவதும் கழல்வதுமாக இருப்பதால் குழாய் ஓயாமல் நீண்டு குறுகிக்கொண்டே இருக்கிறது. கொல்ச்சிசின் அந்த இரட்டையின் நடுவில் செருகிக்கொள்ளும், அப்புறம் அது நிமிர முடியாமல் வளைந்தே நிற்கும், வளைந்தது குழாய்ச் சுவரில் பொருந்தாது. புதிதாக ஒட்டுவது நின்று கழல்வது மட்டும் நடந்தால் பாதை கரையத்தானே செய்யும்.

1967இல் கேரி போரிசி, எட்வின் டெய்லர் என்ற ஆய்வாளர்கள், எங்கே ஒட்டுகிறது என்று அறியக் கதிர்வீசும் கொல்ச்சிசினை வெவ்வேறு இழையங்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். இது கலப்பிரிவை நிறுத்தும் நஞ்சு என்பது முன்பே தெரியும், ஆகவே வேகமாகப் பிரியும் கலங்களில்தான் அதிகம் ஒட்டும் என்று யாரும் நினைப்பார்கள். மூளையிலும் அள்ளி ஒட்டியது! பிரியாத நரம்புக்கலத்தில் எதற்கு இவ்வளவு? முள்ளந்தண்டிலிருந்து கால் நுனி வரை நீளும் நரம்புக்குத் தேவையான புரதமெல்லாம் பெரும்பாலும் மேலிருந்துதான் போகவேண்டும், அதற்குத்தான் அத்தனை நுண்குழாய். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பாதையை விட்டுவிட்டு, நடக்கும் புரதத்தையே மறிக்கும் பொருட்களும் உண்டு. 2012இல் அறிமுகமான சிலியோபிரெவின், டைனீனை, கலத்தின் எரிபொருளான ஏ.ரி.பி.யைப் பயன்படுத்த விடாது. அது ஆய்வுகூடத்துக்கு உரியது.

சரி, கிழங்கைத் தின்றவருக்கு என்ன நடக்கும்? சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றோட்டம். குருதிக்கலங்கள் குறைவது சில நாட்கள் கழித்து, தப்பியவர்களுக்குப் பிறகு முடியும் கொட்டும். அதனால் வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும்.

இதே கொல்ச்சிசின்தான் கௌட் மூட்டுவலிக்குக் குளிசையாகவும் வருகிறது. வெள்ளைக் குருதிக்கலங்கள் மூட்டுக்கு ஓடிவருவதை அது குறைக்கிறது. மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது. கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகள் உடம்பில் அதன் அளவைக் கூட்டிவிடும், ஆகவே இந்தக் குளிசை குடிப்பவர்கள் வேறு எந்த வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போனாலும் அதை டொக்டரிடம் முதலில் சொல்லவேண்டும்.