திரை இருண்டால் டிரைவர்தான் காரணமா?

கணினி பழுதுபார்க்கும் பணியில் நான் அடிக்கடி கேட்கும் முறையீடு இது: விளையாடிக்கொண்டிருக்கையில் திரை ஓரிரு நொடிகள் கறுத்துப்போகிறது, பிறகு தானாகவே மீள்கிறது, டிஸ்பிளே டிரைவர் (திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) செயலிழந்து மீண்டுவிட்டதாக ஒரு செய்தியும் வருகிறது. அதைக் கண்டதும் பலர், இணையத்தில் முதலில் கண்ணில் படும் 'டிரைவர் அப்டேட்டர்' மென்பொருளை நிறுவிவிடுகிறார்கள்; அதனுடன் வேண்டாத மென்பொருள்களும் சேர்ந்து உள்ளே நுழைந்த கணினிகளை நான் பலமுறை சுத்தம் செய்திருக்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டு தனக்கு இட்ட வேலையில் ஏறத்தாழ 2 நொடிகளுக்கு மேல் அசைவின்றி நின்றுவிட்டால், விண்டோஸ் டிரைவரை மீட்டமைத்துவிடும். அந்தச் செய்தியின் பொருள் அவ்வளவே. கார்டு ஏன் நின்றது என்பதை அது சொல்வதில்லை. டிரைவர் பிழையாக இருக்கலாம். சூடும், மின்சாரக் குறைவும், பழுதான கார்டும் அதே செய்தியைத்தான் வரவழைக்கும்.

ஒருவர் டிரைவரை மூன்று முறை மாற்றிய பிறகு கணினியைக் கொண்டுவந்தார். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு மூடியைக் கழற்றினேன். கார்டில் செருகியிருந்த 8 பின் மின் இணைப்பானின் ஒரு பக்கம் நகக்கனம் வெளியே நின்றது. அதன் கொக்கி மாட்டவே இல்லை. 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்வரை அழுத்திய பிறகு, விளையாட்டை நெடுநேரம் ஓடவிட்டும் திரை இருளவில்லை.

ஆகவே முதலில் விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, இந்தச் செயலிழப்பைக் குறிக்கும் 4101 என்ற எண்ணுள்ள பதிவுகள் எந்த நாளில் தொடங்கின என்று பாருங்கள். அதே நாளில் டிரைவர் புதுப்பிக்கப்பட்டிருந்தால், கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' வழியாக முந்தைய பதிப்புக்குத் திரும்புவதே எளிது. அந்தப் பொத்தான் மங்கியிருந்தால், என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகியவற்றில் உங்கள் கார்டுக்கு உரிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே பழைய பதிப்பை முன்கூட்டித் தரவிறக்கிக்கொண்டு, சேஃப் மோடில் (விண்டோஸ் குறைந்தபட்ச டிரைவர்களுடன் மட்டும் இயங்கும் நிலை) டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற மென்பொருளைக் கொண்டு இப்போதுள்ள டிரைவரை முழுமையாக நீக்கிவிட்டு நிறுவுங்கள். அவ்வேளையில் இணைய இணைப்பைத் துண்டித்து வைப்பது மிக முக்கியம். இல்லையெனில் நீங்கள் நிறுவும் முன்பே விண்டோஸ் அப்டேட் தன்னிடமுள்ள பதிப்பை நிறுவிவிடக்கூடும். மடிக்கணினிக்கு அதைத் தயாரித்த நிறுவனம் தரும் டிரைவரையே முதலில் முயலுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் திரை இருண்டால், கார்டைக் கழற்றி, போதிய மின்திறன் கொண்ட வேறொரு கணினியில் பொருத்திப் பாருங்கள். அங்கும் அதே குறை தோன்றினால், பழுது கார்டில்தான் இருக்கிறது.