சீருடைத் தடிப்பு: துவைத்தால் போகாது

போன வாரமும் ஒரு விமானப் பணிப்பெண் வந்திருந்தார். கழுத்தைச் சுற்றிச் சிவந்த தடிப்பு, அக்குளின் ஓரங்களில் நீர்க்கொப்புளங்கள். புதிய சீருடை தந்து ஆறு வாரம் ஆகிறதாம். "புதுத் துணி அப்படித்தான், நாலு முறை துவைத்தால் சரியாகிவிடும் என்றார்கள், டாக்டர். பதினொரு முறை துவைத்துவிட்டேன்." இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

துவைத்தால் போவது மேலே படிந்திருக்கும் உபரிச் சாயம் மட்டுமே. பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் என்ற வகைச் சாயங்கள் இழையோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. இழைக்குள் கரைந்து நிற்கின்றன. வியர்வையும் உராய்வும் சேர்ந்தால் தோலுக்கு இறங்குகின்றன. கருநீலத் துணிகளில் டிஸ்பர்ஸ் நீலம் 106, 124 என்ற இரண்டும் தோல் மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமானவை. சுருக்கம் விழாதிருக்கப் பருத்திக் கலப்புத் துணிக்குப் பூசும் பிசினும் இப்படித்தான். துவைக்கத் துவைக்க, அதிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வேதிப்பொருள் குறையும். ஆனால் பிசின் இருக்கும்வரை ஈரத்திலும் சூட்டிலும் அது மறுபடி கசியும். ஒவ்வாமை வந்துவிட்ட உடலுக்கு அந்தத் துளியே போதும். பதினொன்று என்ன, முப்பது முறை துவைத்தாலும் அந்த உடல் மறக்காது.

1930-இல் எல்லன் சர்ச் உள்ளிட்ட எட்டுச் செவிலியர்கள் முதன்முதலாக விமானப் பணிக்கு வந்தபோது பச்சைக் கம்பளி உடை அணிந்தார்கள். 1965-இல் அமெரிக்காவின் பிரானிஃப் விமான நிறுவனத்துக்கு எமிலியோ பூச்சி என்ற இத்தாலிய வடிவமைப்பாளர் பிளாஸ்டிக் தலைக்கவசம்வரை வடிவமைத்தார். 1968-இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியர் பால்மெய்ன் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு உடலைப் பற்றி நிற்கும் சாரோங் கெபாயா என்ற மலாய் பாணி உடையைத் தந்தார். சீருடை வரலாறு எழுதுவோர் வடிவமைப்பாளரின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். துணியில் என்ன பூசினார்கள் என்று கேட்பதில்லை. அலாஸ்கா ஏர்லைன்ஸில் 2011-இலும் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 2016-இலும் புதுச் சீருடை வந்ததும் புகார்கள் குவிந்தன. ஸாக் போசன் வடிவமைத்து 2018-இல் டெல்டா ஏர்லைன்ஸில் வந்த ஊதா நிற உடைக்கும் அதே கதி. அலாஸ்கா பணியாளர்களைப் பற்றி ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், சீருடை மாறிய பின் தோல், தொண்டை, மூச்சுத் தொல்லைகள் கூடியிருந்தன.

விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. வறண்ட தோலில், இறுக்கமான உடையில், பத்து மணி நேரம். இதில் பொறுத்துப் போகச் சொல்வது என்ன நியாயம்?

அக்குளின் உள்குழி தப்பித்து ஓரம் மட்டும் சிவந்தால் துணியைச் சந்தேகியுங்கள். குழியே சிவந்தால் வாசனைத் திரவியத்தை. ஸ்டீராய்டு களிம்பைத் தடவிக்கொண்டு அதே சட்டையை மாதக்கணக்கில் அணியாதீர்கள். உள்ளே சாயமிடாத வெள்ளைப் பருத்தி அணியுங்கள். மூச்சு இரைத்தால் சீருடையை உடனே கழற்றுங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். மேலாளர்களே, மாற்றுத் துணி கேட்பவரைச் சோம்பேறியாகப் பார்க்காதீர்கள், தயவுசெய்து.

பேட்ச் பரிசோதனைக்கு, அதாவது சந்தேகப் பொருளை முதுகில் ஒட்டி ஒவ்வாமை பார்க்கும் சோதனைக்கு, வரும்போது சீருடையின் உள்மடிப்பிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டி எடுத்து வாருங்கள். துவைக்காத புதுச் சட்டை இருந்தால் அதிலிருந்தும் ஒன்று. இரண்டு நாள் முதுகில் ஒட்டியிருக்கும், நனைக்கக் கூடாது. எடுத்த பிறகு இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடி வந்து காட்டுங்கள். பலருக்கு அன்றுதான் சிவக்கும்.