டி.எம்.ஜே: தாடை மூட்டு

"வாயைத் தொறந்தா காதாண்ட டக்கு டக்குன்னு சத்தம் வருது டாக்டர்." ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் இப்படிச் சொல்லிக்கொண்டு பல் மருத்துவரிடம் போகிறவர், சீட்டில் பார்க்கும் மூன்றெழுத்து டி.எம்.ஜே. விரித்தால் 'டெம்பரோமாண்டிபுலர் ஜாயின்ட்'. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள நெற்றிப்பொட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது முன்பாதி. பின்பாதியில் உள்ள 'மாண்டிபுலா' கீழ்த்தாடை. 'மாண்டெரே', அதாவது மெல்லுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. பொட்டெலும்பும் கீழ்த்தாடையும் சேரும் இடம் என்பதற்கு மேல் அந்தப் பெயரில் எதுவும் இல்லை.

அந்த இடம் வடசென்னைக்குப் புதிதல்ல. "செவுள்ல ஒண்ணு வுட்டேன்னா" என்று கை ஓங்கும்போது குறி வைப்பது ஏறக்குறைய அங்கேதான். காசிமேட்டில் மீன் வாங்கும்போது தூக்கிப் பார்க்கிற செவுளும் இதே சொல்தான். காதுத்துளைக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள். உள்ளே உருண்டையாக ஒன்று நகரும். அதுதான் கீழ்த்தாடையின் குமிழ்.

தமிழில் இதைக் 'கீல்' என்று சொல்லலாமா? கீல்வாதம் என்கிறோமே. ஆனால் கீல் என்றதும் கதவுக் கீல்தான் நினைவுக்கு வரும், அது இருந்த இடத்திலேயே சுழலும். தாடை அப்படியில்லை. குமிழுக்கும் பொட்டெலும்பின் குழிக்கும் நடுவே நார்க்குருத்தெலும்பாலான ஒரு வட்டு இருக்கிறது. வாயைக் கொஞ்சமாகத் திறக்கும்போது வட்டுக்குக் கீழே குமிழ் பெரும்பாலும் சுழல்கிறது. அகலத் திறக்கும்போது வட்டும் குமிழும் சேர்ந்து முன்னால் வழுக்குகின்றன. வட்டு இடம் தவறினால்தான் பெரும்பாலும் அந்த 'டக்கு' சத்தம். கொட்டாவி விடும்போது குமிழ் அளவுக்கு மீறி முன்னே போய்த் திரும்ப முடியாமல் நின்றால், வாய் மூடாது.

அதனால் என் தேர்வு 'தாடை மூட்டு'. மூட்டுதல் என்றால் இணைத்தல், சேர்த்துத் தைத்தல். லுங்கி மூட்டுவது என்கிறோமே, அதே வினைதான். எப்படி அசைகிறது என்று தவறாக எதையும் சொல்லாமல், சேருமிடம் என்பதை மட்டும் சொல்கிறது. 'பொட்டெலும்பு - கீழ்த்தாடை மூட்டு' என்பது பாடநூலுக்குச் சரி, நோயாளியிடம் பேச உதவாது.

தாடையை அசைக்கும் தசைகளின் பெயர்களுக்கு வருவோம். 'மாசெட்டர்' கிரேக்கத்தில் 'மெல்லுவது'. பல்லைக் கடித்தால் கன்னத்தில் கெட்டியாகப் புடைப்பது இதுதான். கன்னத்தசை என்றால் 'பக்சினேட்டர்' என்ற வேறொரு தசையோடு குழம்பும். கடைவாய்த்தசை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. 'டெம்பொராலிஸ்' பொட்டுத்தசை. 'டெரிகாய்டு' இரண்டும் சிறகுத்தசைகள், கிரேக்கச் சொல்லின் பொருளே சிறகு போன்றது என்பதுதான். உட்சிறகுத்தசை வாயை மூட உதவும்; வெளிச்சிறகுத்தசை குமிழை முன்னிழுத்துத் திறக்க உதவும்.

அப்புறம் ஒன்று. மாவா (புகையிலை கலந்த பாக்கு), பாக்கு போடுகிறவர்களுக்கு வாய் சரியாகத் திறக்காமல் போனால் "தாடை லாக் ஆயிடுச்சு" என்கிறார்கள். அது பெரும்பாலும் மூட்டுக் கோளாறு அல்ல. கன்னத்தின் உட்தோல் நாராகி இறுகிப்போவது. நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடியது. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.