பின்லாந்தின் திறந்த குடில்கள்: யார் தங்கலாம், எப்படித் தங்க வேண்டும்

பின்லாந்தின் வடகோடியில் எனொன்டெகியோ, இனாரி, உட்ஸ்யோகி ஆகிய நகராட்சிகளும் சோடன்கிலாவின் வடபகுதியும் சாமி பழங்குடி மக்களின் தாயகம் என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. அங்கே காட்டுக்குள் 'அவுத்தியோதுப்பா' எனப்படும் திறந்த குடில்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை அரசின் மெத்சாஹல்லிட்டுஸ் நிறுவனம் பராமரிக்கிறது. பூட்டு, கட்டணம், முன்பதிவு எதுவும் கிடையாது. நடந்தோ பனிச்சறுக்கிலோ துடுப்புப் படகிலோ வருபவர்கள் ஓரிரு இரவு தங்கலாம். வணிகச் சுற்றுலாக் குழுக்களுக்கு இது இல்லை. பணம் கட்டிச் சாவி வாங்கும் குடில் வேறு. சில இடங்களில் இரண்டும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் கதவைப் பார்த்து நுழையுங்கள்.

கடைசியாக வந்தவருக்குத்தான் முன்னுரிமை. பலரும் தடுமாறுவது இங்கேதான். இடம் நிறைந்துவிட்டால், முன்னரே வந்து ஓய்வெடுத்தவர் எழுந்து வழிவிட வேண்டும். இரவில் பனியில் நனைந்து வருபவரிடம் 'இடமில்லை' என்று சொல்ல உள்ளே இருக்கும் எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே கூடாரம் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அடுப்பு மூட்டுமுன் புகைபோக்கித் தகட்டைத் திறங்கள். மறந்தால் அறை முழுக்கப் புகைதான். படுக்கும்போது சூடு போகக்கூடாதென்று அவசரப்பட்டு மூடுவது அதைவிட ஆபத்து. கங்கு கனன்றுகொண்டிருக்கும்வரை கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். அதற்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். கங்கு முழுதும் அணைந்தபின் மூடுங்கள். விறகைக் கொட்டகையில் அறுத்துப் பிளந்து, அளவாக எரியுங்கள். கிளம்புமுன் ஒரு கட்டுக் காய்ந்த சிராய்களை அடுப்போரம் வையுங்கள். விரல் விறைத்து வருபவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். கேஸ் அடுப்பு இருந்தால் சிலிண்டர் வால்வை மூடி, தரையைப் பெருக்கி, குப்பையை உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். விருந்தினர் ஏட்டில் பெயர், தேதி, அடுத்துப் போகும் இடம் எழுதுங்கள். உங்களைத் தேட நேர்ந்தால் மீட்புக்குழு அதைத்தான் புரட்டும். அவசர எண் 112. பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

சுற்றியுள்ள காடு ரெயின்டீர் என்ற மான்களை மேய்ப்பவர்களின் வேலைக்களம். அங்கே திரியும் மான்களுக்கு உரிமையாளர் உண்டு. காதில் வெட்டிய குறியே அடையாளம். மே மாதம் குட்டி ஈனும் காலம். மிரண்டு ஓடினால் தாயும் குட்டியும் பிரிந்துவிடும். அதனால் நாயைக் கயிற்றிலேயே வைத்திருங்கள், மந்தை எதிரே வந்தால் நின்று வழிவிடுங்கள். வேலிக்கதவைக் கடந்ததும் மூடுங்கள். வேலிக்கம்பங்கள் விறகல்ல. மேய்ப்பர்களின் சொந்தக் குடில்கள் உங்களுக்கானவை அல்ல. மந்தையை உரிமையாளர்வாரியாகப் பிரிக்கும் இடத்தை நெருங்கவோ ஆட்களைப் படமெடுக்கவோ முதலில் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.