வைஃபைக்குத் தமிழ்ல 'அருகலை': எங்கேர்ந்து வந்த சொல், என்ன பொருள்?

வைஃபைக்கு விரிவு கேட்டா நிறைய பேர் 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி'ன்னு சொல்லுவாங்க, அது உண்மையில பின்னாடி ஒட்டவச்சது. 1999ல இந்தத் தொழில்நுட்பத்த விக்கிற கம்பெனிங்க சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சாங்க, அப்ப இதுக்கு இருந்த பேரு ஐ-டிரிபிள்-ஈ 802.11பி, இந்தப் பேரச் சொல்லி யாரு கடையில கேட்டு வாங்குவா, அதனால பேர் வைக்கிறதையே தொழிலா செய்ற இன்டர்பிராண்ட் நிறுவனத்துக்கிட்ட போனாங்க, அவங்க, துல்லியமா பாட்டு கேக்குற கருவிக்குச் சொல்ற 'ஹைஃபை' ஓசையில 'வைஃபை'ன்னு உண்டாக்கிக் குடுத்தாங்க. பொருளே இல்லாத பேரான்னு கூட்டமைப்புல சிலருக்கு உறுத்தல், அதனால கொஞ்ச காலம் விளம்பரத்துல 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி'ன்னு வர்ற ஒரு வரியச் சேர்த்தாங்க, அப்புறம் எடுத்துட்டாங்க. ஆனா அந்த விரிவு மட்டும் மக்கள் வாயில நின்னுடுச்சு.

தமிழ்ல அருகலை. அருகு + அலை, 'அருகு' குற்றியலுகரம், அதனால உகரம் கெட்டு அருகலைன்னு சேருது. 'கம்பியில்லா இணையம்'னும் எழுதுறாங்க, எனக்கு அது பத்தாது, ஏன்னா எம்ஆர்டி ரயில்ல போறப்ப போன்ல வர்ற 5ஜிக்கும் கம்பி கிடையாது. ரெண்டையும் பிரிக்கிறது தூரம். வைஃபை குறைஞ்ச சக்தியில வீட்டளவுக்குப் போற ரேடியோ அலை, அத 'அருகு'ங்கிற ஒரே சொல் சொல்லிடுது, இங்க்லீஷ் பேர்ல இந்தப் பொருள் இல்லவே இல்ல.

ரூம்ல லைன் வரலன்னு புலம்புறவங்க முதல்ல பாக்கவேண்டியதும் இந்த அருகத்தான். வைஃபை பெரும்பாலும் ரெண்டு அலைவரிசையில வரும்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கொஞ்சம் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது ஆனா சுவர்ல சீக்கிரம் சோர்ந்துடும். நம்ம சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுங்கள்ல 1990கள் கடைசியிலேர்ந்து கட்டுனதுல பாம் ஷெல்டர், அதாவது குண்டு விழுந்தா பதுங்குற அறை, இருக்கு, சுவர் பூரா இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட், கதவும் இரும்பு. நாம அத ஸ்டோர் ரூமா வச்சுக்கிறோம், வைஃபை வர்ற ரௌட்டர் பெட்டியையும் உள்ள வச்சுக் கதவச் சாத்திட்டா அலை எப்படிங்க வெளிய வரும்? தயவுசெஞ்சு வெளிய எடுத்து, வீட்டுக்கு நடுவுல, கொஞ்சம் உயரத்துல வைங்க. டிவிக்குப் பின்னாடி வேணாம், மீன்தொட்டிப் பக்கமும் வேணாம், தண்ணி அலைய உறிஞ்சிடும். புளோக்ல மேல கீழ எல்லா வீட்லயும் ரௌட்டர் ஓடுது, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் (அலை போற தடம்) 1, 6, 11னு மூணுதான், அதுல நெரிசல் கம்மியானதா பாத்து மாத்துங்க.

ரௌட்டருக்குத் திசைவின்னு சொல்றோம், தகவலை இந்தத் திசையில போன்னு அனுப்புறது அதோட வேலை. அலை பரப்புறது அதே பெட்டிக்குள்ள இருக்கிற வேற பகுதி, அதனால வெலை கூடுன திசைவி வாங்குனா மட்டும் கடைசி ரூமுக்கு அலை போயிடாது. அங்கதான் மெஷ் உதவும். மெஷ்ஷுன்னா வலைக்கண், மீன்வலையில கயிறுங்களுக்கு நடுவுல இருக்கிற அந்த ஓட்டை. சின்னச் சின்னப் பெட்டிங்கள அங்கங்க வச்சு ஒரே வலையா பின்னுறாங்க, ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு பெட்டி அருகுல வந்துடுது. முடிஞ்சா பெட்டிங்களுக்கு நடுவுல கேபிள் இழுத்துடுங்க, காத்துலயே வாங்கிக் காத்துலயே திருப்பி அனுப்புற சாதாரண ரிப்பீட்டர்ல வேகம் பாதியா குறைஞ்சிடும்.