"கடிதம் எப்ப வந்தது, தம்பி?"

போன மாரியில் ஒரு தம்பி என்னுடைய ஸ்காபரோ அலுவலகத்துக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் கோப்பு ஒன்று. பல்கலைக்கழகமொன்றில் ஆறு வருடமாக ஒப்பந்த விரிவுரையாளர். ஒவ்வொரு தவணையும் புதிதாக விண்ணப்பித்து, ஒவ்வொரு தவணையும் புதிதாகக் கையெழுத்துப் போடுகிற வேலை. தான் படிப்பிக்கிற பாடநெறியை மூடப் போகிறார்கள் என்று கதை அடிபட்டபோது, துறையில் உள்ள எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். 2019இல் ஒன்ராறியோ மாகாண அரசு கல்விக் கட்டணத்தை 10 சதவீதம் வெட்டி, பிறகு ஏற விடாமல் பிடித்து வைத்தது, அதில் விழுந்த பள்ளத்தை நிர்வாகம் எங்களைப் போட்டு நிரப்புகிறது என்று. அடுத்த தவணைக்கு அவருடைய பாடம் வேறொருவருக்குப் போய்விட்டது. வந்தது இரண்டு வரிக் கடிதம். காரணம் எதுவும் இல்லை.

"அக்கா, இது கனடாதானே? பேச்சுச் சுதந்திரம் சாசனத்திலயே இருக்கு. கோர்ட்டுக்குப் போவம்."

"கடிதம் எப்ப வந்தது, தம்பி?"

"ஏழு கிழமை இருக்கும்."

"யூனியனிட்டப் போனனீரா?"

"இல்லையக்கா. அது சம்பளப் பிரச்சினைக்குத்தானே?"

ஆளை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாவிட்டாலும் பலருக்குத் தங்கள் கதைபோலத்தான் இருக்கும். தொழிலாளர் சட்டம் பார்க்கிற என்னிடம் இதே பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. எல்லோரும் சாசனத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். யூனியன் நிர்வாகத்தோடு செய்துகொள்கிற கூட்டு ஒப்பந்தத்தைக் கொண்டு வந்தவரை இன்னும் காணவில்லை.

1982இன் உரிமைகள் சாசனம் கட்டுப்படுத்துவது அரசுகளையும் சட்டமன்றங்களையும். பல்கலைக்கழகம் அரசா? 65 வயதில் கட்டாய ஓய்வு கொடுத்ததை எதிர்த்துப் பேராசிரியர்கள் போட்ட குவெல்ஃப் பல்கலைக்கழக வழக்கில், 1990ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. அரசின் பணத்தில் ஓடினாலும் அது தன் அலுவல்களைத் தானே பார்க்கிற நிறுவனம், ஆகவே தன் ஊழியர்களோடு நடந்துகொள்வதில் சாசனம் அதைக் கட்டாது என்பது தீர்ப்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒன்ராறியோவில் பாடசாலை ஆசிரியர் இருவர் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட குறிப்பை அதிபர் மடிக்கணினித் திரையில் பார்த்துப் படம் பிடித்த வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் 2024இல் அரச பாடசாலைச் சபைகளைச் சாசனம் கட்டும் என்றது. மூன்றாம் வகுப்பு ஆசிரியருக்குக் கிடைக்கிற காவல் பேராசிரியருக்குக் கிடைக்காது. மாகாண எல்லையைத் தாண்டினால் இதுவும் மாறும்: வளாகத்தில் மாணவர் கருத்துச் சொல்வதைப் பல்கலைக்கழகம் ஒழுங்குபடுத்தும்போது சாசனம் பொருந்தும் என்று அல்பேர்ட்டா மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் சொன்னது. ரொறன்ரோப் பல்கலைக்கழக முற்றத்தில் மாணவர்கள் கூடாரமடித்த 2024 வழக்கில், இங்கே பொருந்தாது என்றார் ஒன்ராறியோ நீதிபதி.

அப்படியென்றால் கல்விச் சுதந்திரம், அதாவது ஆசிரியர் பயமில்லாமல் படிப்பிக்கவும் பேசவும் உள்ள உரிமை, எங்கே எழுதியிருக்கிறது? பெரும்பாலும் கூட்டு ஒப்பந்தத்தில், சம்பள அட்டவணைக்கும் விடுமுறைப் பிரிவுக்கும் நடுவில். அது அங்கே வந்து சேர்ந்ததற்கும் ஒரு கடிதம்தான் காரணம். 1958இல் வின்னிபெக்கில், யுனைட்டட் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் ஹரி குரோ சக ஆசிரியர் ஒருவருக்குத் தனிப்பட்ட முறையில் எழுதிய கடிதம் கை மாறி அதிபரின் மேசைக்குப் போனது. அதில் கல்லூரியைப் பற்றி இருந்ததை வைத்து அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கனேடியப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் நடத்திய முதல் விசாரணை அதுதான். விசாரித்த இருவரில் ஒருவரான போரா லாஸ்கின் பின்னாளில் நாட்டின் தலைமை நீதியரசரானார். ஆளை நீக்குவதானால் காரணம் சொல்ல வேண்டும், விசாரிக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்காமல் விடக்கூடாது என்ற பிடிவாதம் ஆசிரியர்களுக்கு அங்கிருந்துதான் வந்தது.

ஒன்ராறியோவின் 24 கல்லூரிகளின் ஆசிரியர்களுக்குக் கல்விச் சுதந்திரம் எழுத்தில் கிடைக்க 2017 வரை சென்றது. சுமார் 12,000 பேர் ஐந்து கிழமை வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு சட்டம் போட்டு அவர்களை வகுப்புக்கு அனுப்பியது. பிறகு நடுவர் வில்லியம் கப்லன் வழங்கிய தீர்ப்பில் கல்விச் சுதந்திரப் பிரிவு உள்ளே வந்தது.

கல்வி மாகாணத்தின் அதிகாரம். ஒட்டாவாவைப் பார்த்துக் கத்துகிற நம்மவர்கள், ஒன்ராறியோச் சட்டமன்றம் இருக்கிற குயின்ஸ் பார்க்கில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது குறைவு. 2019இல் ஒன்ராறியோ அரசு, மாணவர் சங்கத்துக்கும் வளாகப் பத்திரிகைக்கும் போகிற கட்டணத்தை மாணவர் விரும்பினால் கட்டாமல் விடலாம் என்றது. மாணவர் அமைப்புகள் வழக்குப் போட்டன. அப்படிக் கட்டளையிட அரசுக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று அந்த வருடமே தீர்ப்பு வந்தது. 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. நல்லது என்று இருந்தோம். 2025இல் அரசு கட்டணங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைச் சட்டமாகவே இயற்றிக்கொண்டது. சட்டம் இல்லை என்று வென்ற வழக்கு, சட்டம் வரும் வரைக்கும்தான்.

சாசனம் பொருந்துகிற இடத்திலும் அதன் 33ஆம் பிரிவு காத்திருக்கிறது. பேச்சு, ஒன்றுகூடல், சமத்துவம் உட்படப் பல உரிமைகள் என்ன சொன்னாலும் இந்தச் சட்டம் செல்லும் என்று ஒரு மாகாணம் ஐந்து வருடத்துக்கு அறிவிக்கலாம், முடிந்ததும் புதுப்பிக்கலாம். வாக்குரிமை, நடமாடும் உரிமை, மொழி உரிமை போன்றவற்றை அதால் தொட முடியாது. 2022 நவம்பரில் சுமார் 55,000 பாடசாலை ஊழியர்களின் வேலைநிறுத்தத்தை ஒன்ராறியோ இப்படித்தான் தடுத்தது. வகுப்பு உதவியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள். மீறினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4,000 டொலர் வரை தண்டம். அடுத்த நாளே அவர்கள் வெளியே இறங்கினார்கள். ஏனைய யூனியன்களும் கூட நின்றன. இரண்டு கிழமைக்குள் சட்டமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்துச் செய்தது. எந்த நீதிபதியும் தீர்ப்பெழுத வேண்டியிருக்கவில்லை.

கூட்டு ஒப்பந்தம் இரும்புக் கோட்டை என்று நான் சொல்ல வரவில்லை. சட்பரியின் லோரன்ஷியன் பல்கலைக்கழகம் 2021 பெப்ரவரியில், கம்பனிகள் கடன்காரரிடமிருந்து தப்பப் பயன்படுத்துகிற சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போனது. ஏப்ரலில் 69 பாடநெறிகள் போயின, சுமார் 200 பேருக்கு வேலை போனது. பலருக்கு ஸூமில்தான் சொன்னார்கள். நிதி நெருக்கடி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தத்தில் இருந்த வழிமுறை அப்படியே ஓரமாகக் கிடந்தது. அந்தப் பாதையில் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை என்று பிறகு மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் எழுதினார்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். யூனியன் உள்ள இடத்தில் ஒப்பந்தத்தை மீறினார்கள் என்றால் நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது. கிரீவன்ஸ், அதாவது யூனியன் மூலமாக முறைப்பாடு, போட வேண்டும், தீராவிட்டால் நடுவரிடம் போகும். கிரீவன்ஸுக்குக் கெடு உண்டு, அது பெரும்பாலும் நாள் கணக்கில்தான். எத்தனை நாள் என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும், இன்றைக்கே தேடிப் பாருங்கள். யூனியன் உங்கள் விடயத்தை ஏனோதானோ என்று கையாண்டால் தொழில் உறவுகள் சபையில் முறையிடலாம். அரசியல் கருத்துக்காக ஒதுக்கினார்கள் என்று மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேலையைப் பொறுத்தவரை அரசியல் நம்பிக்கைக்குச் சட்டக் காப்பு உண்டு. ஒன்ராறியோவின் மனித உரிமைக் கோவைப் பட்டியலில் அது இல்லை. இதைச் சொன்னவுடன் எதிரே இருப்பவரின் முகம் போகிற போக்கை நான் நன்றாக அறிவேன்.

இன்னொன்று: பயத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதாதீர்கள். தம்பி எழுதியிருந்தார். "என் தொனிக்கு வருந்துகிறேன்" என்று, இரவு ஒன்றரை மணிக்கு, வேலை மின்னஞ்சலிலிருந்து. நமக்கு அது மரியாதை. நாளைக்கு எதிர்ப்பக்க வழக்கறிஞர் நடுவர் முன் அதைத்தான் முதலில் வாசிப்பார்.

ஏழு கிழமை ஆகிவிட்டதால் அவருடைய கெடு தாண்டியிருந்தது. நியாயமான காரணம் இருந்து, மறுபக்கத்துக்குப் பெரிய பாதிப்பு இல்லையென்றால் நடுவர் கெடுவை நீட்டலாம் என்று ஒன்ராறியோத் தொழில் உறவுகள் சட்டம் சொல்கிறது. அந்தச் சின்ன இடுக்கு வழியாகத்தான் யூனியன் இப்போது முயல்கிறது. கடிதங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை.

யூனியன் அலுவலகம் எங்கே என்று அன்றைக்கு அவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். அவருடைய மாடியிலேயே, பிரதி எடுக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்துக் கதவாம். எனக்குத் தரவென்று அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்ததும் அங்கே நின்றுதானாம்.